பாதியாக வற்றும் வரை

நாக்கவீல் கிராமத்தில் யார் வீட்டுக்கு மின்சார பில் வந்தாலும் அது கடைசியில் அட்ராக்டா ஃபாலனின் சமையலறை மேசைக்குத்தான் வந்து சேரும். கொண்டு வந்தவருக்கு ஒரு கோப்பைத் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் பிரசங்கத்தைத் தொடங்குவாள்.

"இதோ பாரு, 'மதிப்பீடு'ன்னு போட்டிருக்கான். மீட்டரை ஒருத்தனும் வந்து பார்க்கலைன்னு அர்த்தம். குத்துமதிப்பா ஒரு நம்பரை அடிச்சு விட்டிருக்கான். நீயே பார்த்து போன் பண்ணிச் சொல்லு. இது நிலைக் கட்டணம். நீ ஒரு விளக்கும் போடாம இருட்டுல உக்காந்து ஜெபமாலை சொன்னாலும் இதைக் கட்டித்தான் ஆகணும். இது இரவு யூனிட், விலை கம்மி. துணி துவைக்கிற மெஷினை இனிமே படுக்கப் போறப்போ போட்டுட்டுப் போ."

தண்ணீர் விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். ஊரார் கூடி நடத்தும் குடிநீர்ச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். மீட்டருக்கு இந்தப் பக்கம் ஒழுகினால் சங்கத்தின் தலைவலி, அந்தப் பக்கம் ஒழுகினால் வீட்டுக்காரன் தலைவலி என்று மாதா கோயில் வாசலிலேயே தீர்ப்புச் சொல்வாள். குழாயைக் 'கழுவி விடுகிறோம்' என்று சங்கத்திலிருந்து செய்தி வந்தால் அன்றைக்குக் கலங்கல் தண்ணீர் வரும், வெள்ளைத் துணியை ஊறப் போடக் கூடாது என்பதை ஊருக்குப் பழக்கியவளும் அவள்தான். நல்ல மனுஷி. உதவி என்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள். ஆனால் 'தெரியாது' என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊற்றுத் தண்ணீரில் ஏதோ கிருமி புகுந்து, வருஷக்கணக்கில் 'கொதிக்க வைத்துக் குடிக்கவும்' என்ற அறிவிப்பின் கீழேயே வாழ்ந்தவர்கள் அவர்கள். பல் துலக்கக்கூட கொதித்து ஆறிய தண்ணீர்தான். பிறகு புதுச் சுத்திகரிப்பு இயந்திரம் வந்தது, பாதிரியார் அதற்குத் தீர்த்தம் தெளித்தார், அறிவிப்பும் போனது. கை மட்டும் மறக்கவில்லை. தண்ணீரில் கோளாறு என்று காதில் விழுந்தால், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்பே எல்லார் கையும் கெட்டிலுக்குப் போய்விடும். அட்ராக்டாவின் கையும் அப்படித்தான்.

அந்த பிப்ரவரியில், வயலுக்குச் சாணக் கரைசல் அடிக்கக் கூடாது என்ற குளிர்காலத் தடை நீங்கியதும், நாலு நாள் வெயிலைப் பார்த்துவிட்டு எல்லா விவசாயிகளும் ஒரே மூச்சில் சாணத் தொட்டியைக் காலி செய்தார்கள். அதன் பிறகு பிடித்த மழை விடவே இல்லை. அடியில் இருப்பதோ சுண்ணாம்புப் பாறை, சல்லடை மாதிரி. மேலே விழுந்தது அத்தனையும் கீழே ஊற்றுக்கு இறங்கியது. மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றும் 'துர்லோ' என்ற பள்ளம் பொங்கி, மாடு மேய்ந்த இடமெல்லாம் ஏரியாகி, நகரத்துச் சாலை தண்ணீருக்குள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை சுகாதார அலுவலகத்திலிருந்து கில்பேன் கூப்பிட்டான். அட்ராக்டா அப்போது போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுப்பிலிருந்து சோடா ரொட்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தண்ணில நைட்ரேட் ரொம்ப ஏறியிருக்கு. 'குடிக்கத் தடை' அறிவிப்பு இன்னிக்கே போகணும். தடைங்க. பழைய மாதிரி அறிவிப்பு இல்ல. விவரமெல்லாம் மெயில்ல அனுப்பியிருக்கேன், ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க."

"இத்தனை வருஷமா இதே வேலையைத்தான் பண்றேன் கில்பேன். எனக்குப் புரியாதா?"

மெயிலை அவள் திறக்கவில்லை. நைட்ரேட் என்ற பேரைக் கேட்டிருக்கிறாள். அது என்ன செய்யும் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதே அவளுக்குத் தோன்றவும் இல்லை. போன தடவை இருந்த அதிகாரி 'கொதிக்க வைக்கவும்' என்றார், இந்தப் புதுப் பையன் கொஞ்சம் பயந்தவன், 'தடை' என்கிறான், இரண்டும் ஒன்றுதான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

சங்கத் தலைவர் மலாக்கிக்குப் போன் போட்டாள். ஊற்றை ஒட்டியுள்ள வயல் அவருடையது. கரைசல் அடித்தவர்களில் அவர்தான் முதல் ஆள்.

"தடை, கிடைன்னு பெரிய வார்த்தையெல்லாம் போட்டு ஜனங்களைக் கிலி புடிக்க வைக்காதே அட்ராக்டா. சாலை வேற முழுகிக் கெடக்கு. கடைக்கு எவன் போவான்?"

"நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். 'குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம். வழக்கம்போல் நன்றாகக் கொதிக்க வைத்தால் கவலை இல்லை' என்று எல்லார் போனுக்கும் செய்தி போயிற்று. இரண்டாவது வரி கில்பேன் சொன்னது இல்லை. அது அட்ராக்டாவின் நல்ல மனசு.

செய்தி போன சற்று நேரத்தில் மூரின் கூப்பிட்டாள். துர்லோவுக்கு அந்தப் பக்கம் தனி வீட்டில் இருப்பவள். முதல் குழந்தை, பிறந்து ஐந்து வாரம், புட்டிப் பால். கணவன் டெக்லன் சரக்கு லாரியை ஓட்டிக்கொண்டு ஹாலந்துப் பக்கம் போயிருந்தான்.

"அட்ராக்டா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. பாப்பாவுக்குப் பால் கலக்கறதுக்கு மட்டும் கடையில பாட்டில் தண்ணி வாங்கிடட்டுமா? சுத்துவழியா ஓட்டிட்டுப் போயிடுவேன்."

"இந்த மழையில பச்சப் புள்ளையைத் தூக்கிட்டுப் போகப் போறியா? எதுக்கு? நல்லா தளதளன்னு கொதிக்க விடு கண்ணு. எவ்வளவு நேரம் கொதிக்குதோ அவ்வளவு நல்லது."

"நிஜமாவா? உங்களை நம்பித்தான் கேக்கறேன். எனக்கு எதைப் பார்த்தாலும் பயமா இருக்கு."

"முதல் புள்ளைக்கு எல்லாரும் அப்படித்தான். நான் சொல்றேன்ல?"

போனை வைத்தபோது அட்ராக்டாவுக்கு நிறைவாகக்கூட இருந்தது. ஒரு சின்னப் பெண்ணின் பயத்தைப் போக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது கில்பேன் மறுபடி கூப்பிட்டான்.

"கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்குப் பாட்டில் தண்ணி குடுத்தாச்சான்னு கேக்கத்தான். மெயில்ல எழுதியிருந்தேனே."

"அதுக்கு அவசியமே இல்லாம பண்ணிட்டேன். எல்லாரும் கொதிக்க வெச்சுக்கறாங்க."

 

"நீங்க அனுப்பின செய்தியைக் கொஞ்சம் படிங்க," என்றான் கில்பேன்.

படித்தாள். படிக்கும்போதே, ஏன் என்று தெரியாமல், அவள் குரல் இறங்கியது.

"அட்ராக்டா, இது கிருமி இல்ல. கொதிச்சா சாகறதுக்கு அதுக்கு உயிரே கிடையாது. உப்பு மாதிரி. உருளைக்கிழங்கு வேகற தண்ணில உப்பு போடறீங்க, தண்ணி வத்த வத்த உப்பு கூடுமா, குறையுமா?"

"கூடும்," என்றாள்.

"பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது," என்று அவன் தொடர்ந்தான். "புட்டிப் பால் குடிக்கிற குழந்தைக்குத்தான் ஆபத்து. ரத்தம் மூச்சுக்காத்தை எடுத்துக்கிட்டுப் போகாது. உதடெல்லாம் நீலம் பூக்கும். உங்க ஊர்ல புட்டிப் பால் குழந்தை ஏதாவது..."

"ஏசு மரி சூசையே!" என்றாள் அட்ராக்டா. போன் அவள் கையிலிருந்து நழுவித் தட்டுக் கழுவும் தொட்டியில் விழப் பார்த்தது.

மூரினுக்குப் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. எழுத்தெல்லாம் தப்பும் தவறுமாக, 'கொதிக்க வைக்காதீர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்' என்று எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பினாள். உடனே மலாக்கி கூப்பிட்டார்.

"என்ன அட்ராக்டா இது, அன்னிக்கு ஒண்ணு சொன்னே, இன்னிக்கு ஒண்ணு சொல்றே? நம்ம பேரு என்னாகும்? அலுவலகத்துலதான் மாத்திச் சொல்லிட்டாங்கன்னு போட்டுடு."

"மூரின் போனை எடுக்க மாட்டேங்கறா மலாக்கி!"

"தூங்குவா. நான் சொல்றதைக் கேளு..."

கேட்கவில்லை. கோட்டை ஒரு கையில் மாட்டியும் மாட்டாமலும் காரில் ஏறினாள். துர்லோவைக் கடக்க முடியாது. சதுப்பைச் சுற்றிக்கொண்டு போகும் மண் பாதைதான் வழி. அந்தப் பாதையில் காரை உருட்டத்தான் முடியுமே தவிர ஓட்ட முடியாது. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் இறங்கும்போது அவள் நெஞ்சும் இறங்கியது. 'எவ்வளவு நேரம் கொதிக்குதோ அவ்வளவு நல்லது' என்று சொன்ன தன் குரலே காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. மூரின் வேறு மாதிரிப் பெண்ணாக இருக்கக் கூடாதா? சொன்ன பேச்சைக் கேட்காத, திமிர் பிடித்த, சோம்பேறிப் பெண்ணாக இருக்கக் கூடாதா? கொதிக்க வைக்கச் சலித்துக்கொண்டு கடைக்கு ஓடியிருக்கக் கூடாதா? அப்படி ஒரு வேண்டுதலை மாதாவிடம் அதுவரை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அட்ராக்டா வைத்தாள்.

கதவைத் தட்டியதும் மூரின் திறந்தாள். உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டிச் சிரித்தாள்.

"தூங்கறா," என்று கிசுகிசுத்தாள். "போனைச் சத்தமில்லாம வெச்சுட்டேன். நேத்துலேர்ந்து என்ன சமத்துன்னு கேக்கறீங்க! அழுகையே இல்ல. பாலுக்குக்கூட நான்தான் எழுப்பி எழுப்பிக் குடுக்கறேன்."

அவளுக்குப் பின்னால் அடுப்பில் பெரிய பாத்திரம் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளுத்திருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே பண்றேன்," என்றாள் மூரின், பாராட்டை எதிர்பார்க்கும் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல. "பாதியா வத்தற வரைக்கும் விடறேன். கெட்டில்ல வெச்சா சட்டுனு நின்னுடுது, அதனாலதான் பாத்திரத்துல. பாதிக்கு வந்தப்புறம்தான் எடுக்கறேன்."

அட்ராக்டா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குழந்தை எத்னா தொட்டிலில் கிடந்தாள். குட்டி முகம், வாய் லேசாகத் திறந்திருந்தது. உதடுகள் சாம்பலும் நீலமுமாக இருந்தன. விரல் நகங்களும் அப்படித்தான்.

"குளிர்தானே அது?" என்றாள் மூரின் பின்னாலிருந்து. "இன்னொரு கம்பளி போத்தினேன். அட்ராக்டா? குளிர்தானே?"

"புள்ளையைத் தூக்கு. பாப்பா சீட்டை என் கார்ல மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஏன்? என்னாச்சு? என்னாச்சுன்னு சொல்லுங்க!"

"டாக்டர் ஒரு தடவை பாத்துடட்டும் கண்ணு. கெளம்பு."

 ஆம்புலன்சைக் கூப்பிட்டால் அதுவும் இதே மண் பாதையில்தான் தட்டுத் தடுமாறி வர வேண்டும். அதற்குள் இவர்களே போய்ச் சேர்ந்துவிடலாம். கில்பேனுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள், ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிடச் சொல்லி.

பின் சீட்டில் மூரின் குழந்தையின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். எத்னா கண்ணைத் திறப்பாள், மூடுவாள். அழ மாட்டாள். அந்தக் குழந்தை ஒரு தடவை வீரிட்டு அழுதால் தன் உயிரையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தது அட்ராக்டாவுக்கு. பாதைக்குக் குறுக்கே ஆட்டு மந்தை ஒன்று வந்தது. கண்ணாடியை இறக்கி, வாழ்நாளில் சொல்லாத கெட்ட வார்த்தைகளை எல்லாம் அந்த ஆடுகளைப் பார்த்துச் சொன்னாள்.

"தண்ணிதானே காரணம்?" என்றாள் மூரின் திடீரென்று.

அட்ராக்டா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும். நான் சரியா கொதிக்க வெக்கலை. செவ்வாய்க்கிழமை ராத்திரி அவ ரொம்பக் கத்தினாளா, பாதி வத்தறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். ஒரு தடவைதான் அட்ராக்டா. ஒரே ஒரு தடவைதான். டெக்லனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

இல்லை, அந்த ஒரு தடவைதான் நீ அவளுக்குக் கொஞ்சம் குறைவாகக் கெடுதல் செய்தாய் என்று சொல்ல வேண்டியிருந்தது. அட்ராக்டா காரை இன்னும் வேகமாக விட்டாள். சொன்னால் இந்தப் பெண் இங்கேயே உடைந்துபோவாள், ஆஸ்பத்திரி போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு சாக்குத் தேடிக்கொண்டாள். அது சாக்கு என்பது அவளுக்கே தெரிந்தும் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே குழந்தையை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை. சாக்லேட் நிறத்தில் இருந்தது.  இளம் பெண் டாக்டர் ஒருத்தி, ஊசி மருந்துக்குச் சொல்லிவிட்டு, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள்.

"என்ன தண்ணில பால் கலக்கறீங்க?"

"குழாய்த் தண்ணிதான் டாக்டர். ஆனா கொதிக்க வெச்சது. பாதியா வத்தற வரைக்கும்."

டாக்டரின் பேனா நின்றது. "பாதியாவா? உங்க ஊருக்குத் தடை போட்டிருக்குன்னு இப்பத்தான் போன் வந்தது. கொதிக்க வெக்கச் சொன்னது யாரு?"

மூரின் திரும்பி அட்ராக்டாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுதல் ஒரு துளிகூட இல்லை. தன் பக்கத்துக்கு ஒரு பெரிய மனுஷி சாட்சியாக நிற்கிறாளே என்ற நிம்மதிதான் இருந்தது.

"இவங்கதான். எங்க குடிநீர்ச் சங்கத்துச் செயலாளர். இதெல்லாம் இவங்களுக்கு அத்துப்படி. நான்தான் ஒரு தடவை சரியா செய்யலை."

அட்ராக்டாவுக்கு மலாக்கியின் குரல் காதில் கேட்டது. அலுவலகத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரே ஒரு வரி. டாக்டரும் நம்புவாள், மூரினும் நம்புவாள், நாக்கவீல் மொத்தமும் நம்பும்.

"நீ சரியாத்தான் செஞ்சே கண்ணு," என்றாள். "நான் சொன்னதுதான் தப்பு. கொதிக்க வெச்சா இது போகாது, ஏறும். நீ வத்த வெச்ச ஒவ்வொரு தடவையும் ஏறியிருக்கு. குடிக்கவே கூடாதுன்னுதான் அவங்க சொன்னாங்க. கொதிக்க வெச்சுக்கலாம்னு நானா சேத்துக்கிட்டேன்."

"நீங்களாவா?" மூரினுக்குப் புரியவில்லை. "ஆனா நான் கேட்டேனே. பாட்டில் தண்ணி வாங்கட்டுமான்னு உங்களைக் கேட்டேனே."

"கேட்டே."

"உங்களுக்குத் தெரியும்னு சொன்னீங்களே."

"எனக்குத் தெரியாது மூரின். தெரியாமத்தான் சொன்னேன்."

மூரின் கத்தவில்லை, அடிக்க வரவில்லை. கத்தியிருந்தால் அட்ராக்டா தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் டாக்டர் பக்கம் திரும்பி, இனி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

ஏற்றிய மருந்து நீலமாக இருந்தது. நீலம் பூத்த குழந்தைக்கு நீலத்தையே ஏற்றுகிறார்களே என்று மூரின் பதறினாள். இதுதான் மருந்து, சரியாகிவிடும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்களும் நின்றார்கள், நடுவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அட்ராக்டா ஜெபமாலையின் ஒரு வரியைக்கூட முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

முதலில் காது மடல்தான் சிவந்தது. அப்புறம் உதடு. அப்புறம் எத்னா கையைக் காலை உதைத்துக்கொண்டு, கட்டிடமே அதிரும்படி அழுதாள். மூரின் முகத்தைப் பொத்திக்கொண்டு கண்ணீர் விட்டாள். அட்ராக்டாவும் அழுதாள், ஆனால் தள்ளி நின்று.

"பசி," என்று சிரித்துக்கொண்டே வந்தாள் நர்ஸ். குழந்தையை மூரின் மடியில் போட்டு, மூடி பிரிக்காத சின்ன புட்டி ஒன்றைக் கையில் கொடுத்தாள். "தாராளமா குடுக்கலாம்."

மூரின் மூடியைத் திறந்தாள். புட்டியைக் குழந்தையின் வாய் வரைக்கும் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றுவிட்டது. எத்னா வாயை ஆவென்று திறந்து, காற்றைத் தேடித் தேடி வீரிட்டாள்.

"இதுல என்ன தண்ணி?" என்று நர்ஸைக் கேட்டாள்.

"ஒண்ணும் பயமில்லைம்மா. குடுங்க."

"கொதிக்க வெச்சதா?"

"குடுக்கலாம்மா," என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த அறைக்குப் போனாள்.

மூரின் புட்டியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, என்ன தெரியப் போகிறது என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை துடித்தது.

அட்ராக்டாவுக்கு அந்த விடை தெரியும். அது தொழிற்சாலையில் தயாராகி மூடி முத்திரை வைத்து வரும் பால். எந்தக் குழாயும் அதைத் தொட்டதில்லை, கொதிக்க வைக்கும் பேச்சே இல்லை. இரண்டு நாளில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். ஓரடி முன்னால் வந்து வாயைத் திறந்தாள்.

"நீங்க சொல்லாதீங்க அட்ராக்டா," என்றாள் மூரின், திரும்பிப் பார்க்காமல். கோபமில்லை, களைப்புதான். "யாராவது வரட்டும். நான் கேட்டுக்கறேன்."

அட்ராக்டா வாயை மூடிக்கொண்டாள். நர்ஸைக் கூட்டி வருவதற்காக, பசியில் அலறும் குழந்தையைக் கடந்து நடைக்கூடத்தில் ஓடினாள்.